மூன்று தாடைகள்

ஜூலையில் காற்று சற்று அடங்கும் என்பார்கள்
புந்தா அரேனாஸில்.
பட்டறைக் கூரை அதை நம்புவதில்லை.
நான்கு மூலையிலும் இரும்பு வடம் போட்டு
தரையோடு இழுத்துக் கட்டியிருக்கிறது.
இங்கே முதலில் அசையாமல் பிடிக்க வேண்டிய பொருள்
பட்டறைதான்.

உள்ளேயும் எல்லாம் எதையாவது பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.
வைஸ், ஒடிந்த கொக்கி ஒன்றை.
சுவரோரம் ஒரு சி-கிளாம்ப்
எலெயுத்தேரியோ மகளின் கித்தாரை;
பசை போன மாதமே காய்ந்துவிட்டது,
அவிழ்க்க யாருக்கும் ஞாபகமில்லை.

லேத்தின் முன்னால் ஒதிலியா ஒயார்சோ.
கையில் வெண்கல வளையம்,
சுவர் கனம் மூன்றே மில்லிமீட்டர்.
நண்டுப் படகு ஒன்றின் பம்புக்கு.
விடிந்ததும் படகு நீரிணைக்குள் போக வேண்டும்.
படகுக்காரர் மன்சீயா இரண்டு முறை வந்து
வாசலில் நின்று
ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.
கேட்டிருந்தால் தேவலை.

சக்கின் மூன்று தாடைகள் வளையத்தைக் கவ்வின.
சாவியை இன்னொரு கால் சுற்றுத் திருகினாள்.
வேலைக்கான கால் சுற்று அல்ல அது,
பயத்துக்கானது.
உள்துளை கடைந்தாள்.
வெண்கலம் சுருளாக வராது, தூளாக உதிரும்,
பூட்ஸுக்குள் புகும்,
இரவில் போர்வைமேல் மின்னும்.
டயல் முள் அசையவே இல்லை.
யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாம் போலிருந்தது.

பிறகு தாடைகளைத் தளர்த்தினாள்.

பம்பின் தண்டை வளையத்துள் நுழைத்து
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தால்
மூன்று இடத்தில் வெளிச்சம் கசிந்தது.
தாடை கடித்த அதே மூன்று இடம்.
பிடியில் இருந்தவரை வட்டம்.
விட்டதும் அது தன் பழைய உடம்புக்குத் திரும்ப,
அவள் கடைந்த வட்டம்
மூன்று பக்கம் பிதுங்கி நின்றது.

கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னாள், சிலோயே தீவின் வார்த்தை,
இங்கே எழுத முடியாது.
மிச்சமிருந்த வெண்கலம் ஒரே துண்டு.
மணி ஒன்பதரை.

அடுத்த இயந்திரத்தில் எலெயுத்தேரியோ
நீளத் தகடொன்றின் தொங்கும் முனைக்கு அடியில்
சிறு திருகு ஜாக்கியை நிறுத்தி,
இடையில் சிகரெட் தாளின் துண்டைச் செருகி
இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.
தாள் வழுக்கி வந்தால் தகடு அந்தரத்தில்.
தகடு முதுகு வளைத்தால் ஜாக்கி அதிகம்.
தாள் வரவும் வேண்டும், வர மறுக்கவும் வேண்டும்.
"தேநீர் போடட்டுமா?" என்றான், தலை நிமிராமல்.
அவள் தாளையே பார்த்தாள்.
"போடு," என்றாள், வெகுநேரம் கழித்து.

இரும்புத் தாடைகளைக் கழற்றினாள்.
அலுமினியத் தாடைகளை மாட்டினாள்.
வளையத்தைத் தொடவில்லை;
தாடைகளைக் கடைந்தாள், ஒரு மணி நேரம்,
மூன்றும் சேர்ந்து
வளையத்தின் வெளிவட்டத்துக்கே குழியும்வரை.
தேநீர் ஆறியது. வளையம் உள்ளே போனது,
தொட்டிலுக்குள் போவதுபோல்கூட அல்ல,
சட்டைக்குள் கை போவதுபோல்.
சாவியில் இரண்டு விரல் மட்டும்.
உடும்புப்பிடி வேண்டியதில்லை,
எல்லாப் பக்கமும் தொட்டிருந்தால் போதும்.

மறுபடி தண்டு, மறுபடி விளக்கு.
எங்கும் இருட்டு.
இருட்டைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை அவள்.

விடியல் அங்கே பத்து மணிக்குத்தான்.
மன்சீயா வளையத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டு,
பையின் மேலேயே கையை வைத்தபடி
துறைக்கு நடந்தார்.

கெட்டுப்போன வளையம் மேசையில் இருக்கிறது.
கதவு திறக்கும்போதெல்லாம்
ரசீதுகளின்மேல் உட்கார்ந்து
காற்றுக்கு ஒன்றையும் விடுவதில்லை.
வட்டமா என்று
காகிதம் கேட்பதில்லை.